ப்ரீடாம்மா பேசிய நான்கு நிமிடம்

10 பிப்ரவரி 2025, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர்களின் முணுமுணுப்பும், கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு ஒருவர் பேச்சை ஒருவர் மறிப்பதும் இந்த முறை கிடையாது. அயர்லாந்து நாட்டு மேடை நடிகை ஒருவர். பெயர் ப்ரீடா ஹனராட்டி, வயது எண்பத்தாறு. டப்ளினில் ஒரு நாடகக் காப்பகம் அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்திருக்கிறது. மொத்தம் எட்டுப் பதிவுகள். கேட்டு, சொல்லுக்குச் சொல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

நாமக்கல் ஆபீஸை நடத்தும் அன்பழகன் காலையில் போன் செய்தார். என்னைப் போல இருபது பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்ய இந்த வேலையைக் கொடுப்பவர். "இங்கிலீஷ் டீச்சரா இருந்தவங்க நீங்க ஒருத்தர்தானுங்க்கா. உங்கள விட்டா இதுக்கு ஆளில்லீங்க" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் குளிர்ந்து போனேன்.

முதல் பத்து நிமிடப் பேச்சை அடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்தம்மா பேசுவது சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கிறது. பதினாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன் என்று இனி வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது.

13 பிப்ரவரி

காது பழகிவிட்டது. முதல் பதிவு முடிந்தது.

மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா கறிக்கடையில் கூலிக்கு வெட்டுபவர். அம்மா ஆக்னஸ், ஊர் மண்டபத்தைக் கூட்டித் துடைப்பவர். மண்டபத்துக்கு நாடகக் கம்பெனி வரும்போதெல்லாம் அம்மாவோடு மகளும் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். பதினாறு வயதில் அப்படி வந்த ஒரு கம்பெனியோடு ப்ரீடாம்மா கிளம்பிவிட்டார். ஓடிப்போனார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவே கூட்டிப்போய் லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறார், ஆறு அவித்த முட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து. அதற்காக அப்பா இரண்டு வருஷம் அம்மாவோடு பேசவில்லையாம்.

எட்டுப் பேர், ஒரு லாரி. பலகை, திரை, விளக்கு, உடுப்பு எல்லாம் அதற்குள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாரம், நாளுக்கு ஒரு நாடகம். திங்கட்கிழமை ராணி, செவ்வாய்க்கிழமை கொலையாகிற வேலைக்காரி, புதன்கிழமை அந்தக் கொலையாளிக்கே அம்மா. ஏழு நாடகம் தலைக்குள் இருக்க வேண்டும். "ஒரு நாள் ராணி வேஷத்துல போய் வேலைக்காரி வசனத்த பேசிட்டேன். ஒரு பய கண்டுபிடிக்கல" என்கிறார். இங்கிலீஷில்தான் சொல்கிறார். இந்த நோட்டில் எழுதினால் எனக்குப் பிறந்த ஊர் வாழப்பாடிப் பேச்சாக வந்து விழுகிறது.

14 பிப்ரவரி

என் வீட்டுக்காரருக்கு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. ப்ரீடாம்மா கதையைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, எட்டு ஆளும் சாமானும் ஒரே வண்டியில் என்றால் பாடி எத்தனை அடி என்பது. திரும்ப ஓட்டிக் கேட்டுப் பார்த்தேன். அந்தம்மா அதைச் சொல்லவில்லை. மனுஷனுக்கு ஏமாற்றம்.

20 பிப்ரவரி

இருபத்திரண்டு வயதில் டப்ளினுக்கு வந்து பெரிய நாடக அரங்கில் சேர்கிறார். சேர்ந்து ஒன்பது வருஷம் என்ன வேஷம் தெரியுமா? தட்டு ஏந்தி வருகிற வேலைக்காரி. "டீ கொண்டுவந்தேன் அம்மா." இதுதான் வசனம். ஒன்பது வருஷம்!

நானாக இருந்தால் தட்டைத் தூக்கி அடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். இந்தம்மா என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு நாடகத்திலும் அந்த வேலைக்காரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஒருத்திக்குக் காலில் ஆணி. ஒருத்தி முந்தின நாள்தான் காதலனோடு சண்டை போட்டவள். ஒருத்திக்கு அந்த எஜமானியைக் கண்டாலே ஆகாது. இதெல்லாம் நாடகம் எழுதியவருக்கே தெரியாது. பார்க்க வந்தவர்களில் யாராவது கவனித்தார்களா என்று பேட்டி எடுக்கும் பெண் கேட்கிறாள். "நான் கவனிச்சேன்ல" என்கிறார்.

அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். இப்படியும் ஒரு பொம்பளை.

27 பிப்ரவரி

செம திட்டு. முதல் இரண்டு பதிவுகளும் டப்ளினிலிருந்து திரும்பி வந்துவிட்டன.

ப்ரீடாம்மா வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. தயாரிப்பாளரைத் திட்டுகிறார், செத்துப்போன புருஷனைத் திட்டுகிறார், கடவுளையும் விடவில்லை. எண்பத்தாறு வயது அம்மா பேசியதை அப்படியே அடிக்க எனக்குக் கை வரவில்லை. அங்கங்கே கோடு போட்டு விட்டேன். சில இடத்தில் கொஞ்சம் மரியாதையான வார்த்தையாக மாற்றினேன். பெரியவர்களை நாலு பேர் முன்னால் அசிங்கப்பட விடுவோமா நாம்?

அந்தப் பக்கங்களை ப்ரீடாம்மாவுக்கே படிக்கக் கொடுத்தார்களாம். படித்துவிட்டு, யார் இந்தக் கன்னியாஸ்திரீ என்று கேட்டிருக்கிறார்.

அன்பழகன் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். இருமினால் இருமல், திட்டினால் திட்டு, எதையும் மாற்றக் கூடாது, விடக் கூடாது. நிஜமாகவே காதில் விழாத இடத்தில் மட்டும், 'கேட்கவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு நேரத்தைக் குறிக்கலாம். "மறுக்கா இப்படி ஆச்சுன்னா ஒட்டுமொத்த வேலையும் நம்ம கைய விட்டுப் போயிருமுங்க்கா, இருபது பேரு பொழப்பு." சரி என்றேன். அத்தனை கெட்ட வார்த்தையையும் உட்கார்ந்து அடித்தேன். மூன்றாவது பக்கத்துக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

4 மார்ச்

இன்றைக்குக் கேட்டதை எழுதாமல் படுக்க முடியாது.

அந்த அரங்கின் பெரிய நடிகை பகல் ஒரு மணிக்கு மயங்கி விழுந்துவிட்டார். சாயங்கால ஆட்டத்துக்கு எல்லா டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தட்டு ஏந்தும் பெண் எழுந்து, எனக்கு வசனம் தெரியும் என்கிறார். எந்தக் காட்சிக்கு என்று கேட்கிறார்கள். எல்லாக் காட்சிக்கும். ஒன்பது வருஷமாகத் திரைக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றபோதெல்லாம் அத்தனை பேர் வசனமும் வாய்க்குள் ஓடியிருக்கிறது.

ஆடினார். முடிந்ததும் ஜனம் எழுந்து நின்றது. அடுத்த நாள் பேப்பர்களில் அவர் படம். அதற்குப் பிறகு லண்டன், நியூயார்க். யாரும் பாவம் பார்த்துக் கொடுத்தது இல்லை, அத்தனையும் அவரே எடுத்துக்கொண்டது.

பேட்டி எடுக்கும் பெண், அந்த மேடையில் ஏறும்போது பயமாக இருந்ததா என்று கேட்டாள். "பயமா? யாராவது வந்து வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயம்."

எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

12 மார்ச்

ஐந்தாவது பதிவு. ப்ரீடாம்மாவின் அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாலாவது பதிவு அதோடு முடிந்திருந்தது. அங்கே மழை போலிருக்கிறது, கண்ணாடிக் கூரை மேல் தடதடவென்ற சத்தம். இருந்தாலும் எனக்குக் கேட்டது.

31 நிமிடம் 20 நொடியிலிருந்து 35 நிமிடம் 30 நொடி வரை 'கேட்கவில்லை' என்று போட்டிருக்கிறேன்.

13 மார்ச்

தலைவலி. வேலை செய்யவில்லை.

8 ஏப்ரல்

எட்டும் முடிந்து அனுப்பிவிட்டேன். ஐம்பது வயதில் வேஷம் தருவார் இல்லாமல் பள்ளிக்கூடங்களில் போய் ஆடியதும், அறுபத்தொன்றில் ஒரு கிழவி வேஷம் கிடைத்து நானூறு தடவைக்கு மேல் ஆடியதும் கடைசி இரண்டு பதிவுகளில் வருகின்றன. நானூறாவது தடவையும் முதல் தடவை மாதிரியே கை நடுங்கியதாம். நடுங்காத நாள் வீட்டுக்குப் போயிடணும் என்கிறார்.

இரண்டு மாதமாகக் காதுக்குள் இருந்த குரல். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

29 ஏப்ரல்

அன்பழகன் ஒரு கடிதத்தை அனுப்பியிருக்கிறார். டப்ளின் காப்பகத்துப் பெண் எழுதியது. பேட்டி எடுத்தவள் இல்லை இவள்; அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம், எங்கே என்று தெரியவில்லையாம்.

ப்ரீடாம்மாவுக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறதாம். பேசிப் பதிவு செய்யும்போது நன்றாக இருந்தவர், இந்த ஆறு மாதத்தில் ரொம்ப இறங்கிவிட்டார். அதனால்தான் அவசரமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது தினமும் காலையில் நான் அடித்த பக்கங்களைத்தான் படிக்கிறார். தன் வாழ்க்கையை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஜூன் மாதம் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இந்தப் பக்கங்களையே வசனமாக வைத்து, கடைசியாக ஒரு முறை மேடை ஏற்றப் போகிறார்கள். தன் கதையைத் தானே சொல்லப் போகிறார்.

ஐந்தாவது பதிவில் நான்கு நிமிடம் பத்து நொடி விட்டுப்போயிருக்கிறது. மழைச் சத்தத்தில் எங்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, பழகிய காது இன்னொரு முறை முயன்று பார்க்க முடியுமா என்று கேட்கிறாள். ப்ரீடாம்மா அந்தப் பக்கத்துக்கு வந்ததும் தினமும் நிறுத்திவிடுகிறாராம். "எங்கம்மா சாகும்போது நான் போனேனா?" என்று கேட்கிறாராம். போயிருப்பீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நாடகத்திலும், போனேன் என்றே எழுதிவிடுவார்களாம்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன். ஐயோ.

30 ஏப்ரல்

போகவில்லை.

அதுதான் அந்த நான்கு நிமிடம். மார்ச்சில் முதல் அரை நிமிடம்தான் கேட்டேன், பளிச்சென்று கேட்டது. பகல் ஒரு மணிக்கு அவருடைய தம்பி போன் செய்கிறான், அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று. ஒன்றரைக்கு ரயில் இருந்தது. போனை வைத்துவிட்டு முகத்துக்குப் பூசிக்கொள்ளப் போய்விட்டார். அன்றைக்கு இரண்டு ஆட்டம். சிரிப்பு நாடகம். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டேன். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்புகிற இடம் வரை தள்ளிவிட்டு, அங்கிருந்துதான் அடித்தேன்.

அந்தம்மா மேல் இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று ஒன்றரை மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்ற தாய் கிடக்கும்போது போகாதவள் என்று உலகம் படிக்க வேண்டாம் என்று. பெரிய தர்மப்பிரபு நான்.

இப்போது ஒரு வகையில் நல்லதுதானே? அவருக்கு ஞாபகம் இல்லை. போனேன் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாக இருக்கட்டுமே. நான் இன்னொரு முறை கேட்டேன், பிடிபடவில்லை என்று ஒரு வரி போட்டால் முடிந்தது.

1 மே

இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டில்கூட எழுதாமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பள்ளிக்கூட ஆண்டு விழா. ஐந்தரைக்கு என் நாடகம், நானே எழுதி, இரண்டு மாதம் பழக்கியது. கோழிப்பண்ணையிலிருந்தும் தறி ஓட்டும் வீட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள், இங்கிலீஷ் என்றாலே ஒளிந்துகொண்டவர்கள், உடுப்பு மாட்டி, பொட்டு வைத்துத் தயாராக நிற்கிறார்கள். ஐந்து இருபதுக்கு அண்ணன் போன் செய்தார். அம்மா சேலம் ஆஸ்பத்திரியில். பெயரைப் பார்த்தேன். என்ன செய்தி என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்படியே கைப்பையில் போட்டு மூடினேன்.

நாலு முறை அடித்திருக்கிறார்.

அப்போதே கிளம்பியிருந்தால் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். அம்மா ஆறு ஐம்பதுக்குப் போனாள். நான் ஏழரைக்குப் போனேன். கலை வந்துட்டாளா, கலை வந்துட்டாளான்னு கேட்டுச்சாம். வாயில் பால் ஊற்ற மகள் இல்லை. அண்ணி ஊற்றினார். ஒவ்வொரு திதிக்கும் சொல்வார், கலை பங்கையும் நாந்தான் ஊத்துனேன் என்று.

போன் சைலன்ட்டில் இருந்தது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அண்ணன், பாவம், அந்த போனைத்தான் திட்டினார். கருமாதி முடிந்த வாரமே சத்தமாக அடிக்கிற புது போன் வாங்கிக் கொடுத்தார். அதில்தான் இன்றைக்கும் பேசுகிறேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அந்த நாடகம் நடந்துகொண்டிருந்த முக்கால் மணி நேரம், திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, எனக்கு சந்தோஷமாக இருந்தது.

2 மே

இவரிடம் ப்ரீடாம்மா விஷயத்தை மட்டும் சொன்னேன். என் விஷயத்தைச் சொல்லவில்லை. வயதானவரை எதற்கு அழவைக்க வேண்டும், விட்டுவிடவா என்று கேட்டேன்.

இவர் தட்டில் கிடந்த கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டார். "தெனமும் கேக்குதுங்கறயே புள்ள. கேக்காம இருந்தா உட்டுப்போட்டுப் போலாம். கேக்கறவங்களுக்குச் சொல்லோணுமில்ல" என்றார். கை கழுவ எழுந்து போனார்.

இந்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே நேராகத்தான் தெரியும், பட்டறையில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற பலகை மாதிரி. கோபமாக வந்தது எனக்கு.

3 மே

கேட்டேன். நான்கு நிமிடம் பத்து நொடியும்.

இந்த முட்டாள் அரை நிமிடத்தில் கழற்றிப் போட்டாளே, மிச்சத்தைக் கேட்டிருக்கலாம். அப்படியே கீழே எழுதுகிறேன், எனக்காக.

"பகல் ஆட்டம் ஆடுனேன், ராத்திரி ஆட்டமும் ஆடுனேன். எட்டு மணிக்கு அம்மா செத்திருக்கா. அந்நேரம் நான் ஜனங்கள சிரிக்க வெச்சிட்டிருந்தேன். என் வாழ்க்கையிலயே அன்னிக்கு மாதிரி ஆடுனதில்ல. எனக்குத் தெரியும் அது. கூட ஆடுனவங்களுக்கும் தெரியும். மறுபடியும் அந்த நாளு வந்தாலும் மேடைக்குத்தான் போவேன், போயிட்டு மறுபடியும் ஐம்பது வருஷம் அழுவேன். எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா, அவதானே லாரியில ஏத்திவிட்டா. நான் பண்ணுன தப்பு வேற. தம்பிகிட்ட, போன் சரியா கேக்கல, லைன்ல ஒரே இரைச்சல், நீ சொன்னது புரியலன்னு சொல்லிட்டேன். அவன் அத நம்பி, முப்பது வருஷம், சாகற வரைக்கும், டெலிபோன்காரன திட்டிட்டே இருந்தான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தா ஆரம்பிச்சுடுவான். நான் பக்கத்துல உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்னுட்டிருப்பேன்."

அதோடு சிரிக்கிறார். சிரிப்பு இருமலாகி, நிற்கவே நேரமாகிறது. நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை, தன்னைத்தானே திட்டிக்கொண்டது.

டேய் அப்பா. என்ன மனுஷி. தட்டு ஏந்தினாரே ஒன்பது வருஷம், லண்டன் போனாரே, அதெல்லாம் ஒன்றுமில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார் பார், இதற்கு எத்தனை தைரியம் வேண்டும். எனக்கு இந்த நோட்டில் எழுதவே மூன்று வருஷம் ஆனது.

5 மே

அடித்து முடித்தேன், இருமல் உட்பட.

மறுபடி கேட்டதில் பிடிபட்டது என்று எழுதி அனுப்பியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பாராட்டுகூடக் கிடைத்திருக்கும். அந்த வரியை டைப் அடிக்கவும் அடித்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போன் சைலன்ட்டில் இருந்தது என்று இன்னொரு முறை சொல்ல என்னால் முடியாது. முடியல சாமி.

அழித்துவிட்டு எழுதினேன்: முதல் முறையே தெளிவாகக் கேட்டது. என் சொந்தக் காரணத்தால் விட்டுவிட்டேன். ப்ரீடாம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

7 மே

அன்பழகன் நேரில் வந்துவிட்டார், நாமக்கல்லிலிருந்து வெயிலில் பைக்கில். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. இனி எனக்கு வேலை இல்லை. விதிமுறை அது, அவர் சொன்னதில் தப்பில்லை. "பிடிபட்டதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தீங்கன்னா தீந்துதுங்களே, இத எதுக்குங்க எழுதுனீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காப்பகம் மற்றப் பெண்களின் வேலையை நிறுத்தவில்லையாம், அந்தமட்டும் நிம்மதி. போகும்போது மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

21 மே

டப்ளின் பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். அன்பழகன், வேலையில் இல்லாதவளுக்கு அனுப்பக் கூடாதுதான் என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

ப்ரீடாம்மா அந்தப் பக்கத்தைப் படித்தார். ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, ஆமாம், இது நான்தான் என்றார். மறுநாள் காலையில் மறந்துபோயிற்று. மறுபடி படித்தார். மறுபடி ஒரு மணி நேரம் பேச்சில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேட்டார்களாம். "எடுக்காதே. அது இல்லாம மேடையில எனக்கு எங்க நிக்கறதுன்னே தெரியாது" என்றாராம்.

தினமும் காலையில் அவருக்கு அம்மா சாகிறாள், தினமும் காலையில் அவர் போகவில்லை. இது நான் செய்த வேலை. சரியாகச் செய்தேனா? தெரியவில்லை.

21 ஜூன், சனி

அங்கே பகல் இரண்டரை மணி ஆட்டம், நமக்கு இரவு ஏழு. இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். இவர் பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து, பனியன் மாற்றி, சினிமாவுக்குப் போவது போலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. ஓரமாக ஒரு பெண் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், மறந்தால் எடுத்துக் கொடுக்க. குரலை மட்டுமே தெரியும் எனக்கு. பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன். சின்ன உடம்பு, வெள்ளைத் தலை, சிவப்பு ஸ்வெட்டர். நடந்து வந்து உட்காரவே இரண்டு நிமிடம். உட்கார்ந்து நிமிர்ந்தார் பாருங்கள், அவ்வளவுதான், அந்த மேடை முழுக்க அவர்தான் இருந்தார்.

லாரி, முட்டை, ஏழு நாடகம். ஜனம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. எனக்கு ஒவ்வொரு வரியும் முன்கூட்டியே வாயில் ஓடுகிறது. மூன்று இடத்தில் மறந்தார். அந்தப் பெண் மெல்ல எடுத்துக் கொடுத்தாள், ஒளிக்காமல் அவள் பக்கம் திரும்பி வாங்கிக்கொண்டு மேலே போனார்.

பிறகு அந்த இடம் வந்தது. போனை வைத்தேன் என்றார். நின்றுவிட்டார். அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பேசவில்லை. மறுபடி கொடுத்தாள். கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். மறந்து நிற்கிறாரா, தெரிந்து நிற்கிறாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார், முழுதாக, ஒரு சொல் விடாமல், ஓரத்துப் பெண்ணைப் பார்க்காமல். டெலிபோன்காரனைத் திட்டிய தம்பி வந்தபோது அரங்கமே சிரித்தது. சிரித்து முடிக்கிற வரை காத்திருந்தார். "அவன் இப்ப இல்ல. இருந்தா முதல் வரிசையில உட்கார வெச்சிருப்பேன்" என்றார். அது பதிவில் இல்லை, நான் அடித்த எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த நிமிடம் அவரே சொன்னது.

முடிந்ததும் ஜனம் எழுந்து நின்றது. இவரும் நம் வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்றார். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, இவரிடம் என் விஷயத்தைச் சொன்னேன்.

22 ஜூன், ஞாயிறு

வாழப்பாடி போனேன். இவர் வரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன்.

அண்ணன் குழந்தைவேல் அப்போதுதான் பாக்குத் தோப்பிலிருந்து வந்திருந்தார். தமிழ்ச்செல்வி அண்ணி காபி கொண்டுவந்தார். காபியைக் கையில் வாங்கினால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். போன் சைலன்ட்டில் இல்லை. நீங்கள் கூப்பிட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். பிள்ளைகள் மேடைக்குத் தயாராக நின்றார்கள். நான் வரவில்லை அண்ணா.

அண்ணி உள்ளே போனார். நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அவர் பால் ஊற்றியவர், அவருக்கு அந்த உரிமை உண்டு.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரை நிறுத்திட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மோட்டார் ஓடவே இல்லை, எனக்குத் தெரியும். அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். போய்விடலாமா என்று நூறு தடவை நினைத்தேன், போகவில்லை.

திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். எதிரே உட்கார்ந்து ஆறிப்போன காபியை என் பக்கம் நகர்த்தினார்.

"நாடகம் நல்லா இருந்துச்சா கலை?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா" என்றேன்.

யார் யார் என்ன வேஷம் என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னேன்.